நான் தூங்கியதாகச் சொன்ன கதை

கூச்சப்படுகிற மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கூச்சக்காரன்தான் அதிகம் பொய் சொல்வான். உண்மையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் இன்னொரு கேள்வி கேட்பார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டால் அத்தோடு போய்விடுவார். நான் நாற்பத்தெட்டு வயது வரை இந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். அதனால் ஒரு மனிதனுடைய வேலை போகப் பார்த்தது. அந்த மனிதன் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில் இருந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தேயிலை ஃபெக்டரியில் எனக்கு ஒரு விசேஷமான வேலை. தினமும் டீமேக்கர் ஐயா புதுத் தூளை ருசி பார்ப்பார். நான் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒவ்வொரு தினுசுத் தூளையும் நிறுத்துப் போட்டு, பன்னிரண்டு வெள்ளைக் கோப்பைகளில் சாயம் ஊற்றி வரிசையாக வைக்க வேண்டும். அவர் கரண்டியால் எடுத்து, வரிசை வீடுகளான எங்கள் லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி ஓர் உறிஞ்சு உறிஞ்சி, பக்கத்திலிருக்கும் தொட்டியில் துப்புவார். ஒரு கோப்பையில் இரண்டு கரண்டிதான் குறையும். மீதியைக் கொட்டிவிட்டுக் கழுவி வைப்பது என் பொறுப்பு.

நான் கொட்டவில்லை.

அது எழுபதுகளின் தொடக்கம். கூப்பனுக்குக் கிடைத்த அரிசி சுருங்கிப்போய், மாவும் சீனியும் கண்ணில் படாத பஞ்ச காலம். வயிறு காலியாக இருப்பவனால் பன்னிரண்டு கோப்பைத் தேத்தண்ணியைச் சாக்கடைக் காணுக்குள் கொட்ட முடியாது. நான் அதைப் போத்தலில் ஊற்றி, கம்பளிக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். பொழுது சாய்ந்த பிறகு சூடாக்கி, பாதியை நானும் மீதியைப் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த, மனைவியின் அண்ணனான மச்சான் தங்கராசுவும் குடிப்போம். ராச்சாப்பாடு பல நாள் அதுதான். என் மனைவி பாக்கியமும் பிள்ளைகளும் அந்தக் கசப்பை வாயில் வைக்க மாட்டார்கள். தோட்டத்துத் தேயிலையை எடுத்துப் போகிறேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இதை நான் வெளியில் மூச்சுவிடவில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. (படிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்க மூன்று மாதம் ஆனது.)

தூக்கம் வரவில்லை என்று லயத்தில் ஒருவரிடம் சொன்னால் போதும், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற வழியெல்லாம் வைத்தியர்கள்தான். வடக்கே தலை வைக்காதே என்றார்கள். எங்கள் காம்பராவில் தலையை வேறு எந்தப் பக்கம் வைத்தாலும் கால் அடுப்புக்குள் போகும். கசகசாவை அரைத்துப் பாலில் குடி என்றார்கள். கசகசாவும் இல்லை, பாலும் இல்லை. வெந்நீரில் கால் கழுவு என்றார்கள், அதைச் செய்தேன். கால் மட்டும் தூங்கியது.

கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். டிஸ்பென்சர் ஐயா பதுளைக்காரர். கண்டிப்பானவர், நல்ல மனிதர். ஒரு கடதாசியில் வெள்ளை மாத்திரைகள் மடித்துக் கொடுத்தார். நாலு நாள் கழித்து இருபது பேர் நிற்கிற வரிசைக்கு நடுவில் என்னைக் கண்டு, "என்ன சிவலிங்கம், தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார். நாற்பது கண்கள் என்னைப் பார்த்தன. "ஆமாங்க" என்றேன். அவர் சந்தோஷமாகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மாத்திரை முடிந்தது, தூக்கம் வரவில்லை. பண்டாரவளையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒரு பச்சை எண்ணெய் தந்தார். உள்ளங்காலில் தேய்க்க வேண்டும். அடுத்த முறை போனபோது கடை நிறைய ஆட்கள். "தம்பி, எண்ணெய் வேலை செஞ்சிச்சுதானே?" என்றார். ஆமாங்க நானா. அன்றிலிருந்து எண்ணெய் வாங்க வருகிறவர்களிடம், "நம்ம ஃபெக்டரி சிவலிங்கத்தக் கேட்டுப் பாருங்க" என்று சொல்லி விற்றார். சிலர் உண்மையாகவே என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் ஆமாங்க.

மூன்றாவது மருந்து மச்சான் கொண்டுவந்த அரிஷ்டம். மச்சான் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகிறவர். நான் படுகிற பாட்டைப் பார்த்து, பதுளைக்குப் போன ஒரு நாள் அங்கே ஒரு வைத்தியரிடம் வாங்கி வந்தார். மூடியைத் திறந்தால் சாராயக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் குடித்தேன். தலை சுற்றியது, தூக்கம் வரவில்லை.

"என்ன மாப்ள, மருந்து கேக்குதா?" என்றார்.

அவர் எனக்காகப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது. நான் என்ன சொல்வேன்?

"ஆமாங்க மச்சான்."

"அப்படின்னா மத்த மருந்தெல்லாம்?"

"இதுதாங்க மச்சான் கேட்டது."

"எனக்கும் ரெண்டு மாசமா கண்ணு மூட மாட்டேங்குது மாப்ள. லொறி ஓட்டுறவன் தூக்கமில்லன்னு சொன்னா வேலைக்கு ஆவாதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றார் அவர். அன்றே போய்த் தனக்கு இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை நேரம். பனிமூட்டம். அப்புத்தளைப் பாதையில் ஒரு வளைவில் மச்சான் கண் அசந்துவிட்டார். லொறி பாதையோரக் காணுக்குள் இறங்கி, மண் மேட்டில் சாய்ந்து நின்றது. கடவுள் புண்ணியத்தில் அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் பெட்டிகள் விழுந்து உடைந்து, முதல் தரத் தூள் பாதையெல்லாம் பரவிக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் முந்தானையிலும் சாரத்திலும் அள்ளினார்களாம். அந்த வாரம் அப்புத்தளையில் எல்லோர் வீட்டிலும் வெளிநாட்டுக்குப் போகிற தேத்தண்ணி. வந்து பார்த்த ஆபீஸ் கிளாக்கர் ஐயாவுக்குத் தேயிலை வாசனையைத் தாண்டி மச்சானிடமிருந்து இன்னொரு வாசனை வந்தது. "டிரைவர் குடித்திருந்தான்" என்று அங்கேயே எழுதிவிட்டார்.

குடித்துவிட்டு ஓட்டினால் வேலை போகும். வேலை போனால் டிரைவர் காம்பராவும் போகும். மச்சானுக்கு நாலு பிள்ளைகள்.

ஆபீசில் விசாரணை. தோட்டத்து மேனேஜரான தொரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மேசைக்கு ஒரு பக்கம் கிளாக்கர் ஐயா, இன்னொரு பக்கம் டிஸ்பென்சர் ஐயா. பாக்கியமும் மச்சான் மனைவி கமலம் அக்காவும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். மச்சான், தான் குடித்தது மருந்து என்றார். யார் சொல்லிக் குடித்தாய் என்று கேட்டதற்கு என்னைக் காட்டினார். எனக்காகவே வைத்த மாதிரி அறையின் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் போய் நின்றேன்.

நான் சொல்லவேண்டியதை முதல் நாளே பாக்கியம் பாடம் பண்ண வைத்திருந்தாள். "எங்க மச்சான் குடிக்கிற ஆளு இல்லீங்க, நான் சொல்லித்தான் அரிஷ்டம் குடிச்சாருங்க." அவ்வளவுதான். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தொரை கண்ணாடியைக் கழற்றினார். "தங்கராசு அன்னைக்குக் குடிச்சிட்டுத்தானே லொறி எடுத்தான்?"

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளக்கவில்லை. "ஆமாங்க தொரை" என்றேன்.

கிளாக்கர் ஐயாவின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் ஏதோ பாஷை தெரியாத ஆள் போல அவர் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கமலம் அக்கா அழ ஆரம்பித்தார். பாக்கியத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

டிஸ்பென்சர் ஐயா மட்டும் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொரை, இந்த ஆளுகிட்ட நான் கொஞ்சம் கேக்கலாமா?"

தொரை தலையசைத்தார்.

"சிவலிங்கம், என் மாத்திரையிலதானே நீ தூங்கினது?"

"ஆமாங்க."

"அந்த நானா எண்ணெயில தூங்கினதாச் சொல்றாரே. அதுவும் சரிதானே?"

"ஆமாங்க."

"தங்கராசு குடுத்த அரிஷ்டம்?"

"ஆமாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உண்மையில நீ இந்த ரெண்டு மாசமாத் தூங்கவே இல்ல. அப்படித்தானே?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் உண்மையாகவும் இருந்தது. "ஆமாங்க."

தொரை சிரிக்கவில்லை. கிளாக்கர் ஐயா எழுதியதை என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொரை, தங்கராசு குடிச்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றார் டிஸ்பென்சர் ஐயா. "ஆனா இந்த ஆளோட பேச்ச வச்சு ஒருத்தனோட வேலைய எடுக்க ஏலாது. இவன் சாட்சி இல்ல, எதிரொலி. நான் குடுத்தது வெறும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. அன்னைக்கு நல்ல மருந்து கையில இல்ல. இவன் தூங்கினேன்னு சொன்னதும், அது தூக்கத்துக்குக் கேக்குதுன்னு நம்பி இன்னும் ஆறு பேருக்குக் குடுத்துட்டேன். வரிசையில நிக்கவச்சுக் கேட்டது என் பிழை."

என் பொய் ஆறு பேருக்குச் சுண்ணாம்பு ஊட்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய் வாங்கியவர்களை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அப்போது ஜன்னலிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "தொரை, இந்த மனுசன் பக்கத்துல படுத்துக் கெடக்குறவ நான். தூங்குனாரா இல்லையான்னு என்னையக் கேளுங்க. எங்கண்ணனப் பத்தி அண்ணியக் கேளுங்க. இவுங்ககிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

அதைத்தான் டிஸ்பென்சர் ஐயா பிடித்துக்கொண்டார். ஒரு மாதத் தவணை கேட்டார். அதுவரை மச்சான் லொறியைத் தொடக் கூடாது, ஃபெக்டரியில் என்னோடு வேலை. நாங்கள் இரண்டு பேரும் தூங்குவதை எங்களிடம் கேட்கக் கூடாது. மனைவிமார் கதவின் உள்பக்கத்தில் கரியால் குறிக்க வேண்டும். தூங்கினால் கோடு, தூங்காவிட்டால் வட்டம். ஒரு வாரம் ஒரு மருந்துதான், இரண்டைக் கலக்கக் கூடாது. ஒரு வாரம் மருந்தே இல்லாமலும் பார்க்க வேண்டும். மச்சானைத் தூங்கவைக்க வழி தெரிந்தால் லொறி. தெரியாவிட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். தொரை ஒத்துக்கொண்டார்.

முதல் வாரம் சுண்ணாம்பு மாத்திரை. இரண்டு கதவிலும் வட்டம். இரண்டாம் வாரம் பச்சை எண்ணெய். வட்டம், வட்டம், வட்டம். கமலம் அக்கா என்னோடு பேசுவதில்லை. மச்சான் பேசுவார், ஆனால் நான் பதில் சொன்னதும் பாக்கியத்தைப் பார்த்து, "அப்படியா தங்கச்சி?" என்று கேட்பார். மாதத்தில் பாதி போய்விட்டது.

மூன்றாம் வாரம் மருந்து இல்லாத வாரம். அந்தத் திங்கட்கிழமை ஃபெக்டரி எஞ்சின் நின்றுவிட்டது. உதிரிச் சாமான் வந்துசேர ஆறு நாள். கொழுந்தெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. நானும் மச்சானும் ஃபெக்டரியைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் டிஸ்பென்சர் ஐயா லயத்துக்கு வந்து கதவைப் பார்த்தார். இரண்டாம் நாளிலிருந்து கோடு. பக்கத்துக் காம்பராவிலும் கோடு. விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"மருந்தே குடுக்காத வாரம் ரெண்டு பேரும் தூங்கியிருக்காங்க" என்றார். "தங்கராசுவாவது லொறிக் கவலை விட்டுத் தூங்கினான்னு வச்சுக்குவோம். ஆனா மூணு வாரமா அவன் லொறி ஓட்டலயே. இவனுக்கு என்ன மாறிச்சு? தங்கச்சி, இந்த வாரம் வீட்டுல என்ன வித்தியாசம்?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டாமல் ஆட்டினேன், சொல்லாதே என்று. அவள் சொன்னாள்.

"போத்தல் வரலீங்க ஐயா."

ஃபெக்டரியில் தூள் இல்லை. தூள் இல்லாததால் ருசி பார்ப்பது இல்லை. அதனால் எனக்கும் மச்சானுக்கும் ராத்திரித் தேத்தண்ணி இல்லை. டிஸ்பென்சர் ஐயா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "பசிக்கா குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு ஆமாங்க வரவில்லை.

ஆனாலும் அவர் விடவில்லை. ஒரு வாரத்தை நம்ப முடியாது என்றார். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அவரே எங்களுக்கு மூன்று நாள் போத்தல் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். வட்டம் வந்தது. நிறுத்தச் சொன்னார். கோடு வந்தது. மச்சான் வீட்டுக் கதவிலும் அச்சாக அதே மாதிரி. மச்சானின் தூக்கத்தைக் கெடுத்தது நான், கெட்ட தூக்கத்துக்கு மருந்து சொன்னதும் நான், மருந்து குடித்தவரைக் குடிகாரர் என்று சொன்னதும் நான். எதிரி இருந்தால்கூட இவ்வளவையும் ஒரு ஆளாகச் செய்திருக்க முடியாது.

மாதம் முடிந்து ஆபீசுக்குப் போகவேண்டிய நாளில் டிஸ்பென்சர் ஐயா காலையில் ஆள் அனுப்பினார். "கதவு ரெண்டையும் கொண்டு வரச் சொன்னாரு." கடதாசியில் பார்த்து எழுதிவரச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவருக்கு நாங்கள் எழுதுவதில் நம்பிக்கை போய்விட்டது. மச்சான் கதவை மச்சானும், என் கதவை நானும் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். கொழுந்து எடுக்கிற நேரம். மலை முழுக்கப் பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். "என்ன தம்பி, வீட்ட மாத்துறியா?" என்று ஒரு குரல். "இல்ல, பொண்டாட்டி வெளிய தள்ளிட்டா, கதவையும் எடுத்துட்டுப் போன்னுட்டா" என்று இன்னொரு குரல். பின்னால் வந்த பாக்கியம் மறுக்கவில்லை.

தொரை கதவுகளைச் சுவரில் சாய்த்துவைத்து, வரிசை வரிசையாகப் படித்தார். கமலம் அக்காவைக் கூப்பிட்டு மச்சான் குடிப்பாரா என்று கேட்டார். பாக்கியத்தையும் தனியாகக் கேட்டார். இரண்டு பேரும் மச்சான் படுக்கும்போது ஒரு மூடி, விடியக்காலையில் ஒரு மூடி அரிஷ்டம் குடித்ததைச் சொன்னார்கள். கிளாக்கர் ஐயா முன்பு எழுதியதை அடித்தார். தூக்கமில்லை என்று முதலிலேயே சொல்லாததற்கு மச்சானுக்குக் கடுமையான திட்டு. பிறகு லொறிச் சாவி மேசையின் இந்தப் பக்கம் தள்ளப்பட்டது. மச்சான் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

அத்தோடு நான் தப்பியிருப்பேன். செய்தி கேட்டு டீமேக்கர் ஐயா வந்துவிட்டார். அவருக்குத் தேயிலை போனது பெரிதில்லை. வேறு ஒரு சந்தேகம். எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"சிவலிங்கம், கோப்பையில மிஞ்சினதச் சரி. நான் தொட்டியில துப்பினதையும் சேர்த்தா போத்தல்ல ஊத்தின?"

சத்தியமாக இல்லை. தொட்டிப் பக்கம் நான் போனதே இல்லை. ஆனால் இத்தனை பேர் பார்க்கிறார்கள்.

"ஆமாங்க."

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பாக்கியத்தாலும் சாட்சி சொல்ல முடியவில்லை, அவள் ஃபெக்டரிக்குள் வந்ததில்லை. பதினைந்து வருடமாக மறுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, எனக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது, "பெரியப்பா, இது கோப்பையில இருந்து ஊத்தினது" என்று ஒரு குரல் வரும். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆகும்.

மச்சான் இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, கதையை முதலிலிருந்து சொல்லி, கடைசியில் என் பக்கம் திரும்புவார்.

"அன்னைக்குத் தொரைகிட்ட என்னையக் குடிகாரன்னு சொன்னீங்களே மாப்ள, அது மனசாரச் சொன்னதா?"

"இல்லைங்க மச்சான்."

இந்த 'இல்லைங்க'வைப் பழகி எடுக்க எனக்கு எத்தனையோ வருஷம் ஆனது. மச்சான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். கையில் எடுத்த சோற்றைப் பிடித்தபடி என் மனைவியைப் பார்ப்பார்.

"அப்படியா தங்கச்சி?"

பாக்கியம் உடனே பதில் சொல்ல மாட்டாள். அவர் இலையில் கறி போடுவாள், அண்ணிக்குப் போடுவாள், பிள்ளைகளுக்கு ஒவ்வொருத்தருக்காகப் போடுவாள். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருப்பேன்.